அக்கா நேர்ந்தாள், அத்தான் நடந்தார்

என் அக்கா சுனில்டா காகுபே மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். தன் புருஷன் பிழைத்து எழுந்தால், இடாவுகுவாவில் இருக்கிற தங்கள் வீட்டு வாசலிலிருந்து காகுபே கோயில்வரை நடந்தே வருவார் என்று. 'வருவேன்' இல்லை, 'வருவார்'. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அத்தான் எலாடியோ அப்போது ஆஸ்பத்திரியில் வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்தார். பக்கவாதம். அறுபத்து நாலு வயது, வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷம்கூட ஆகவில்லை. பேச்சு பத்து நாளில் திரும்பியது. இடது கை பாதி திரும்பியது. இடது கால் மட்டும் அவருடையது மாதிரியே இல்லை. பாதம் தொங்கிக்கொண்டு தரையைத் தேய்த்தபடி பின்னாலேயே வந்தது.

பேச்சு தெளிவாகட்டும் என்று அக்கா காத்திருந்தாள். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டில் விஷயத்தை உடைத்தாள். பக்கத்து வீடுதான் எனக்கு. அன்று அவர்களோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கிழவா, உனக்காக மாதாவுக்கு ஒண்ணு நேர்ந்திருக்கேன்."

"என்ன, மெழுகுவத்தியா?"

"நடை. டிசம்பர் எட்டாம் தேதி, திருநாளுக்கு."

"நீயா? முட்டி வலிக்குதுன்னு மார்க்கெட்டுக்கே இதோ உன் தங்கச்சி நிமியாவத்தானே அனுப்பறே?"

"நான் இல்ல. நீ."

அத்தான் கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்தார். "வாய் உன்னோடது, கால் என்னோடதா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"எங்க கேக்கறது? கூப்பிட்டா கண்ணத் தொறக்கல. எச்சி ஒழுகிட்டுக் கெடந்தே."

"அப்ப உன் காலை வச்சு நேர்ந்திருக்கணும்."

"பொழைக்க வேண்டியது நீதானே? அப்ப நீதான் நடக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் முறைத்த முறைப்பில் சிரிப்பை சூப்போடு சேர்த்து விழுங்கினேன்.

அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தலைநகர் அசுன்சியோனுக்கும் காகுபேக்கும் நடுவில் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர் அவர். மாதா திருநாள் நெருங்கினால் நாட்டில் பாதிச் சனம் அந்த ரோட்டில்தான் நடக்கும். அந்த வாரம் முழுக்க அத்தான் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். "வீட்ல இருந்து கும்பிட்டா மாதாவுக்குக் காது கேக்காதா?" என்று ஜன்னல் வழியாகக் கத்துவார். அந்தக் கூட்டத்தில் தான் ஒருவனாக, அதுவும் காலை இழுத்துக்கொண்டு போவதா?

"நடக்க மாட்டேன். நேர்ந்தவ நீ, நீயே தீத்துக்கோ" என்று சொல்லி முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடப்பதையும் விட்டார். பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு தடவை ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவள் பிடித்து அழுத்தச் சொன்ன ரப்பர் பந்தை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டார். அவளும் எத்தனை நாள் பொறுப்பாள், வருவதை நிறுத்திக்கொண்டாள். எங்கள் தெருவில் சாயங்காலமானால் ஆண்கள் மாமரத்தடியில் நாற்காலி போட்டு, ஐஸ் தண்ணீரில் இலை ஊற வைத்துத் தெரரே கலந்து, ஒரே குவளையைக் கை மாற்றிக் குடித்துக்கொண்டு கதை பேசுவார்கள். ஊரிலேயே பெரிய வாய் அத்தானுக்குத்தான். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. அவர்களாகத் தேடி வந்தபோதும் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். தெருப்பக்க ஜன்னல் திரையை எந்நேரமும் இழுத்து மூடியே வைத்தார். காலையில் டிவி முன்னால் உட்கார்ந்தால், படுக்கப் போகும்போதுதான் எழுந்திருப்பார். என்ன நிகழ்ச்சி ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

அக்காவும் இளைத்தாள். ரத்தக் கொதிப்பு ஏறியது. அவர் நடக்க மாட்டேன் என்கிறார். கொடுத்த வாக்கு பாக்கி நிற்கிறது. மாதா கோபித்துக்கொண்டு இன்னொரு அடி கொடுத்துவிடுவாளோ என்று அவளுக்கு உள்ளூர பயம். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பங்குச் சாமியாரைப் போய்க் கேளுக்கா. இந்த மாதிரி நேர்த்திக்கு ஒரு வழி இல்லாமலா இருக்கும்?"

போனோம். அது ஆகஸ்ட் மாதம். லபாச்சோ மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் முழுக்க முழுக்க ரோஜா நிறத்தில் பூத்து நின்றன. சாமியார் ரொம்ப வயசானவர். அக்கா சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார்.

"அடுத்தவங்க காலை நேர முடியாதும்மா. அது அவரைக் கட்டாது. உன்னால ஆனதை நீ செய். அவரை விட்டுடு."

அக்கா வாசலிலேயே நின்று அழுதாள். மனசு லேசான அழுகை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிவியை அணைத்தாள்.

"கிழவா, உனக்கு ஒரு கடனும் இல்ல. சாமியார் சொல்லிட்டார். நீ நிம்மதியா உக்காரு. முடிஞ்ச தூரம் நான் நடந்துக்கறேன்."

சொல்லிவிட்டு டிவியைத் திரும்பப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

மறுநாள் காலை வேலைக்குப் புறப்படுகிறேன். பள்ளிக்கூடத்தில் சமையல் எனக்கு. ஜன்னல் திரை விலகி, அத்தானின் தலை தெரிந்தது.

"நிமியா! என் ஷூவை எங்க வச்சுத் தொலைச்சா உங்க அக்கா?"

"எதுக்கு அத்தான்?"

"தலையில கவுத்துக்க. ஷூவை எதுக்குக் கேப்பாங்க?"

உள்ளே போய்த் தேடிக் கொடுத்தேன். இடது ஷூவுக்குள் பாதம் நுழையவே இல்லை. குனிந்து உதவப் போனேன், தட்டிவிட்டார். வலது கையாலேயே காலைத் தூக்கி, வளைத்து, திணித்து, மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

"நேத்து அவ சொன்னதைக் கேட்டியா? உக்காருன்னா. நிம்மதியா உக்காருன்னா. மாட்டேன்னு சொல்றது வேற, நிமியா. உன்னால ஆகாதுன்னு அடுத்தவங்க முடிவு கட்டறது வேற. உங்க அக்காவும் அந்தச் சாமியாருமா சேந்து என்னைப் பொணமாக்கிட்டாங்க."

"அப்ப காகுபேக்கு நடப்பீங்களா?"

"முதல்ல கேட் வரைக்கும் விடு."

அன்று கேட் வரைக்கும் போனார், திரும்பினார். வேர்த்துக் கொட்டியது. அடுப்படி ஜன்னலில் அக்கா கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று நான் சைகை காட்டினேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அதற்கப்புறம் நாள் தவறவில்லை. கேட் தாண்டினார். மாமரத்தடி தாண்டினார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கிண்டலாகக் கேட்டார்: "என்ன எலாடியோ அண்ணே, எத்தனாவது கியர்ல போறீங்க?"

"ஃபர்ஸ்ட். மலை ஏறறதுன்னா ஃபர்ஸ்ட்லதான் ஏறணும். கார் ஓட்டத் தெரிஞ்சவனா இருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் வாயில் அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு எத்தனை மாதமாகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒருதரம் மழை விட்ட கையோடு மருந்துக்கடை முன்னால் வழுக்கி விழுந்தார். செம்மண் சேறு முகமெல்லாம். நாலு பேர் ஓடி வந்தார்கள். "எவனும் தொடக் கூடாது!" என்று படுத்தபடியே கத்தினார். மின்கம்பம்வரை உருண்டு, அதைப் பிடித்து, மெதுவாக எழுந்தார். அன்றும் போக வேண்டிய தூரம் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் தானே போன் செய்து பயிற்சிக்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக் கூப்பிட்டார். தொங்குகிற பாதத்தைத் தூக்கிப் பிடிக்க அவள் ஒரு பட்டை கொண்டு வந்து கட்டினாள், ஊன்ற ஒரு கைத்தடியும் கொடுத்தாள்.

அக்காவும் கூட நடந்தாள். நடந்துகொண்டே இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். எண்ணெய் விலையிலிருந்து கல்யாணத்தில் யார் யாரைக் கூப்பிடவில்லை என்பதுவரை. இரவு படுத்தால் தூக்கம் வருகிறது என்று அத்தானே ஒருநாள் ஆச்சரியமாகச் சொன்னார். புவெனஸ் ஐரிஸில் வேலை பார்க்கிற மகன் ஃபபியான் போனில் குதித்தான்: "அப்பா, பைத்தியமா உங்களுக்கு? அந்த வெயில்ல? எல்லாரும் பஸ்ல போறாங்க, நீங்களும் போங்க."

"பஸ்லயே போய்ட்டிருந்தவன்தாண்டா நான். வை போனை."

பலசாலிகள் ஒரே மூச்சில் போகிற தூரத்தை நாங்கள் மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டோம். ஆறாம் தேதி கருக்கலில் கிளம்பினோம். நான் தண்ணீரும் சீப்பா ரொட்டியும் சுமந்தேன். அக்காவின் பையில் அத்தானுடைய மாத்திரை, அத்தானுடைய தொப்பி, அத்தானுடைய மாற்றுச் சட்டை, அத்தானுடைய காலுக்குத் தைலம்.

ரோட்டில் ஏற்கெனவே கூட்டம். கிடார் வைத்துப் பாடிக்கொண்டு போகிற பிள்ளைகள், நீல அங்கி போட்ட நேர்த்திக்காரர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பாக்கள். எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே அத்தானின் ஷூ நுனி தரையில் இடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு முறை தடுமாறினார். நின்று ரோட்டைக் குனிந்து பார்த்தார்.

"ஓரம் சாய்வா இருக்கு. இத்தனை வருஷம் இதுமேல ஓட்டியிருக்கேன், தெரியவே இல்ல. அந்தப் பக்கம் போவோம். அங்க இடது காலுக்குத் தரை பள்ளமா இருக்கும், இடிக்காது."

எதிர்ப்பக்கத்துக்கு மாறினோம். இடிப்பது நின்றது. ஆனால் இப்போது வண்டிகள் எதிரே வந்தன. ஒரு பஸ் எங்கள் பக்கத்தில் ஒதுங்கி நின்றது. ஓட்டுகிறவர் தொரிபியோ, அத்தானிடம் வேலை கற்றவர்.

"மாஸ்டர்! நீங்களா? காகுபேலேர்ந்து திரும்பி வர்றேன். இங்கயே நில்லுங்க, மறுபடி அங்க போற ட்ரிப்ல ஏத்திக்கறேன்."

"போடா, டைம் ஆச்சு உனக்கு."

"கால் முடியாதவரு..."

"ஹாரன் அடிக்காம போ. சனங்க நடக்கறாங்க, கண்ணு தெரியல?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தான் அவளைப் பார்க்காத மாதிரி நடந்தார்.

அன்று இபகராயில் எங்கள் சித்தி மகள் வீட்டில் தங்கினோம். மறுநாள் காகுபே மலையின் அடிவாரம்வரை. வழியெல்லாம் வீட்டு வாசலில் மேசை போட்டுத் தண்ணீரும் தர்ப்பூசணியும் கொடுத்தார்கள். அத்தான் வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், பெயர் கேட்டார். அக்கா எதையும் கவனிக்கவில்லை. அவள் கண் அவர் காலிலேயே இருந்தது. கல் இருக்கிறது, குழி இருக்கிறது, தண்ணீர் குடி, மாத்திரை போடு. தனக்கு என்று ஒரு வாய் குடித்தாளா என்று நானும் பார்க்கவில்லை. அது என் தப்பு.

எட்டாம் தேதி காலையில் மலை ஏற ஆரம்பித்தோம். தலை மேல் தலையாகக் கூட்டம். மேலே பெரிய பூசைக்கு மணி அடிப்பது காற்றில் லேசாகக் கேட்டது. பாதி ஏற்றத்தில் அக்கா என் தோளைப் பிடித்தாள். திரும்பிப் பார்க்கிறேன், முகத்தில் ரத்தமே இல்லை. ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

பக்கத்திலேயே தொண்டர்கள் போட்ட முதலுதவிக் கூடாரம். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார்கள். நர்ஸ் பெண் ரத்த அழுத்தம் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள்.

"உடம்புல தண்ணியே இல்ல. எப்போ ஒண்ணுக்குப் போனீங்க? ஞாபகம் இல்லையா? பாட்டிம்மா, இன்னிக்கு மலையெல்லாம் கெடையாது. படுங்க."

அக்கா கண்ணைத் திறந்து அத்தானைத் தேடினாள். "நீ போ. நிமியா கூட வருவா. பூசை முடியறதுக்குள்ள போய்ச் சேந்துடு."

அத்தான் கூடாரத்து வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றார். மேலே வளைந்து போகிற ரோடு முழுக்க மனிதர்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். எட்டாம் தேதி கோயில் வாசலில் நிற்பேன் என்று தெரு பூராவும் சவால் விட்டிருந்தார். மகனிடமும் சொல்லியிருந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நான்கு மாதம் விழுந்து எழுந்தது இந்த ஒரு காலைக்காகத்தானே?

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வலது கையால் இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"போகலையா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"நேர்த்தி, கிழவா!"

"எனக்கு எந்த நேர்த்தியும் இல்லன்னு நீயே வந்து சொன்னியே. நான் நடக்கத்தான் வந்தேன். உன்னோட நடக்க வந்தேன். நீ இங்க கெடக்கும்போது அங்க போய் எதுக்கு நிக்கறது?"

"எட்டாம் தேதி போயிடும்." அக்கா குழந்தை மாதிரி அழுதாள்.

"ஒம்பதாம் தேதி வரும். மாதா எங்கயும் ஊருக்குப் போயிட மாட்டா."

நர்ஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுத்தாள். அத்தான் வலது கையை அக்காவின் கழுத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். டம்ளரை வாங்க இடது கைதான் மிச்சம் இருந்தது. பாதிதான் திரும்பியிருந்த கை. பாதித் தண்ணீர் அக்காவின் கழுத்திலும் சட்டையிலும் போனது. "இன்னும்" என்று நர்ஸிடம் டம்ளரை நீட்டினார். இரண்டாவது டம்ளரில் கொஞ்சம் குறைவாகச் சிந்தியது.

ரோட்டோரம் தர்ப்பூசணி விற்றுக்கொண்டிருந்த ஞா சிரிலா என்கிற அம்மாள் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் எங்களுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தாள். அங்கேயே படுத்தபடி ரேடியோவில் பூசை கேட்டோம். மத்தியானத்துக்கு மேல் கூட்டம் இறங்கி வந்தது. ஏறும்போது பாடிய பிள்ளைகள் இப்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் போனார்கள். அக்கா அவர்களைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தான் நேரம் வைத்து அவளை எழுப்பித் தண்ணீர் கொடுத்தார். "இன்னொரு டம்ளர். சும்மா படுத்திருந்தா போதுமா?" இத்தனை மாதம் அவள் அவரிடம் பேசிய அதே தொனி.

மறுநாள் காலை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்காவை மறுபடி பார்த்தாள். "பரவாயில்ல. மெதுவா போகலாம். தலை சுத்தினா அங்கயே உக்காந்துடணும், வீராப்பு கூடாது."

"நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தான். பிறகு அக்காவிடம், "இன்னிக்கு டிரைவர் நான். நீ பாசஞ்சர். நான் நிறுத்தற எடத்துல நிக்கணும், குடிக்கச் சொன்னா குடிக்கணும். டிரைவர்கிட்ட பேச்சுக் கொடுக்கக் கூடாது."

ரோடு காலியாகக் கிடந்தது. நசுங்கிய பாட்டில், தர்ப்பூசணித் தோல், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. ஏற்றம் செங்குத்தான இடத்தில் அத்தானின் கால் நகரவே மறுத்தது. வலது காலை வைத்து, தடியை ஊன்றி, இடுப்பால் இடது காலைச் சுழற்றி முன்னால் எறிந்தார். மறுபடி வலது கால். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. அக்கா கை நீட்டியபோது பிடித்துக்கொண்டார். தாங்குகிறது யார், தாங்கப்படுகிறது யார் என்று பின்னால் வந்த எனக்குச் சொல்லத் தெரியாது. கீழே இபகராய் ஏரி வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயில் சதுக்கத்துக்கு வந்தபோது நகராட்சி ஆட்கள் குழாய் வைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெழுகு உறைந்த கல்லை ஒரு பெண் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"என்ன, ஒரு நாள் லேட்டா வர்றீங்க?"

"டிராஃபிக்" என்றார் அத்தான்.

உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. நேராக மாதா முன்னால் போய் நிற்க முடிந்தது. ஆயிரம் ஆயிரம் பேரை இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டவர், ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு சின்னவளா இருக்கா?" என்று அக்காவின் காதில் கேட்டார். சன்னமாகக் கேட்டதாக நினைப்பு. கோயில் முழுக்கக் கேட்டது.

அக்கா மண்டியிட்டாள். அத்தானால் முடியாது, பெஞ்சைப் பிடித்தபடி நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாது. நிற்கும்போது தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. அக்கா அவர் முழங்கால்மேல் கை வைத்தாள். அப்படியே ரொம்ப நேரம் இருந்தார்கள். நான் அவர்களை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து என் ஷூவைக் கழற்றினேன்.

காலில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அந்தக் கால் இன்றைக்கும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது, இனிமேலும் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் இரண்டு பேருக்குமே ரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கிறது, மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள். அக்காவின் புகார் இப்போது வேறு: "ஒரு நிமிஷம் வீட்ல தங்கறாரா கேளு!"

அத்தான் தங்குவதில்லை. மூன்று தெரு தள்ளி ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், இடுப்பு முறிந்து, கட்டிலே கதி என்று கிடந்தார். தினமும் விடிந்ததும் அத்தான் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, நடக்க வா என்று கத்துகிறார். முதல் வாரம் அந்த மனுஷன் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் திட்டுவதற்காகத் திறந்தார். நேற்று நல்ல தூறல். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பார்த்தேன்: ஒருவர் தடியோடு, ஒருவர் ஊன்றி நடக்கிற இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி, இரண்டு பேரும் மருந்துக்கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"குடையாவது எடுத்துட்டுப் போகக் கூடாதா அத்தான்?" என்று கேட்டேன்.

"கை ஏது?" என்றார். நிற்கவில்லை.